வாசல் பல்பு

குடைப் பட்டறையில் அவளுக்குக் கடுகு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் வாயைத் திறந்தால் படபடவென்று பொரிகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? சின்னவர்களுக்குக் கடுகக்கா, பெரியவர்களுக்கு வெறும் கடுகு.

எட்டுத் துண்டுத் துணியை ஒன்றாக மூட்டி, குடைக் கம்பிகளின் நுனியில் ஊசியால் கோத்துக் கட்டுவது அவள் வேலை. முடிச்சு ஒன்று தளர்ந்தாலும் முதல் காற்றிலேயே குடை மல்லாந்துவிடும். அவள் கட்டிய குடை மல்லாந்தது என்று ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

அவள் கணவர் போர்டு எழுதுகிற பெயின்டர். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர், வாயில்லாப் பூச்சி. இவள் அவர் நெஞ்சுக்குத்தான் வருவாள். இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் போனால், ஏணியும் வாளியும் போகிறது என்று சொல்லிச் சிரிப்பார்கள். வாளிதான் சத்தம் போடும்.

"பாக்கெட்ல பெயின்ட் துணியை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? காதுல என்ன, அடைப்பா?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றிக் கொடுப்பார். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவள் அவரைக் கொஞ்சி ஒரு வார்த்தை சொன்னதில்லை. 'நீங்க' என்கிற மரியாதையையும் ஒருநாளும் விட்டதில்லை. திட்டுகூட மரியாதையோடுதான்.

ஆட்சி கவிழ்ந்த வருஷம் அது. பெயின்டர் இந்தக் கட்சிக்கும் சுவர் எழுதுவார், அந்தக் கட்சிக்கும் எழுதுவார். அவருடைய கொள்கையெல்லாம் எழுத்தின் வளைவில்தான். கடைசியாக எழுதிய சுவர் தோற்ற கட்சியுடையதாகப் போயிற்று. ஆள் உயர எழுத்து. தொழில் வழக்கப்படி சுவரின் மூலையில், 'எழுத்து: பெயின்டர்' என்று போட்டு, தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் அழகாக எழுதியிருந்தார். எழுதச் சொன்ன தலைவர்கள் எல்லாம் எங்கெங்கோ மறைந்துவிட்டார்கள். விலாசத்தோடு மாட்டியவர் இவர் ஒருவர்தான்.

புது அதிகாரத்தின் ஆட்கள் சுவரைப் படித்துவிட்டு வீட்டைத் தேடி வந்தபோது, அவர் பிரஷ் டப்பாவோடு சுண்ணாம்பு மூட்டை லாரியில் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் எல்லையை மூடிவிட்டார்கள்.

வீட்டில் அவளும் மாமியாரும். மாமியாருக்கு இடுப்புக்குக் கீழே ஓடாது. கட்டில்தான் உலகம். அதனால்தான் இவளும் கணவர் பின்னால் போக முடியவில்லை.

எல்லைக்கு அப்பாலிருந்து கடிதம் வரலாம், போகலாம். ஆனால் ஒட்டாமல் கொண்டுபோய்த் தபால் ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் அறையில் கொடுக்க வேண்டும். அங்கே தடித்த கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி படிப்பார். பிடிக்காத வரியை நீலப் பென்சிலால் அடித்துவிட்டு, முத்திரை குத்தி, அவரே ஒட்டுவார்.

பெயின்டர் எழுதுகிற கடிதம் ஒவ்வொன்றும் கடை போர்டு மாதிரி இருக்கும். 'விசாலமான அறை. நாள் முழுதும் தண்ணீர். குடைத் தையலுக்கு இங்கே நல்ல வேலை உண்டு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு' என்று சுற்றிலும் கட்டம் போட்டு எழுதுவார். அவள் பதில் எழுதுவாள்: 'இங்கே நானும் அத்தையும் நலம். அங்கே உங்களுக்குப் புத்தி வந்ததா? கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டா எல்லை தாண்டுவது? போர்டு எழுதுகிறவர் பேச்சை நம்பி எந்தக் கடையில் எது நன்றாக இருந்திருக்கிறது?' அப்படியே மூன்று வருஷம் ஓடியது.

மூன்றாம் வருஷக் கடைசியில் ஓர் அறிவிப்பு வந்தது. வெளியே ஓடியவர்கள் திரும்பி வரலாம், எல்லோருக்கும் மன்னிப்பு. அவரவர் மனைவிமார் கடிதம் எழுதிக் கூப்பிட வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஒரு பஸ் கண்டக்டரின் மனைவி முதல் ஆளாக எழுதினாள். கண்டக்டர் மதிய பஸ்ஸில் வந்து இறங்கினார். பஸ் நிலையத்திலேயே இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் அந்தப் பெண் வாராவாரம் மாற்றுத் துணியை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய இரும்புக் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். துணியை வாங்கிக்கொள்கிறார்கள். ஆளைக் காட்டுவதில்லை.

அடுத்த வாரம் கடுகுக்கு அழைப்பு வந்தது.

"உக்காரும்மா" என்றார் கண்ணாடிக்காரர். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "இது மாதிரிக் கடிதம். பார்த்து எழுதினா போதும்."

அவள் வாங்கிப் படித்தாள். 'என் உயிரினும் இனிய நாதா, நீங்கள் இல்லாமல் நான் துடுப்பில்லாத ஓடமானேன். அரசு தாயுள்ளத்தோடு மன்னிக்கிறது. அச்சம் வேண்டாம். ஓடோடி வருக.'

"நாதாவா? எங்க வீட்ல அப்படி யாரும் இல்லைங்களே" என்றாள்.

பக்கத்து மேஜைக் குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

"எழுதலைன்னா உனக்குப் பட்டறை வேலை இருக்காதும்மா. உன் மாமியாருக்கு ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டும் நின்னுபோகும். நான் மிரட்டலை. மேலேர்ந்து வந்த உத்தரவைச் சொல்றேன்."

கடுகு கண்ணை மூடினாள். 'ஆண்டவனே, இது என் வார்த்தை இல்லை. என் கைதான் எழுதுகிறது' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்புறம் அவளுக்கே ஒரு தைரியம் வந்தது. எழுதுவோமே. நாதா என்ற வார்த்தையைப் பார்த்ததுமே மனுஷனுக்குப் புரிந்துவிடாதா? பதினேழு வருஷம் கேட்ட வாய் இது இல்லை என்று தெரியாதா? ஓர் எழுத்து விடாமல் பார்த்து எழுதினாள்.

அதிகாரி வாங்கிப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உப்புச் சப்பில்லாம இருக்கே. உன் வீட்டு விஷயமா ஒரு வரி சேரு. அப்பத்தான் நம்புவான்."

அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. முந்தின நாள் ராத்திரி இருட்டில் பூட்டைத் தடவித் தடவித் திறந்தது ஞாபகத்தில் இருந்தது. வாசல் பல்பு போய் மூன்று மாசம். யாரிடமும் சொல்லவில்லை. பெரிதாக யோசிக்காமல் கடைசியில் எழுதினாள்: 'வாசல் பல்பு போய்விட்டது. எனக்கு எட்டவில்லை.'

முத்திரை விழுந்தது.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். நாதா என்றதும் கிழவிக்கு இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பல்பு வரி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அதை ஏன்டி எழுதினே?"

"வேற ஒண்ணும் வரலை அத்தை."

"நீ என்னைக்குடி உன்னால ஆகாதுன்னு ஒண்ணை ஒத்துக்கிட்டே? அந்தத் துடுப்பு, ஓடம் எல்லாம் அவன் நம்பமாட்டான். இதை நம்பிடுவான்."

கடுகு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

பதினெட்டு நாளில் பதில் வந்தது. பழுப்புத் தாள் ஒட்டிய உறை. இந்தத் தடவை கட்டம் இல்லை, அலங்காரம் இல்லை. நாலே வரி. 'கடிதம் கிடைத்தது. எட்டவில்லை என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. இருபதாம் தேதி மதிய பஸ்ஸில் வருகிறேன். அதுவரை ஸ்டூல் மேல் ஏறாதே.'

அவள் உறையைத் திருப்பி, ஒட்டியிருந்த பழுப்புத் தாளைப் பார்த்தாள். இதைக் கண்ணாடிக்காரர் படித்துவிட்டுத்தானே அனுப்பியிருப்பார்? தேதி தெரியும், பஸ் தெரியும். கண்டக்டருக்கு வந்த இரண்டு பேர் இருபதாம் தேதியும் வருவார்கள்.

வராதீர்கள் என்று எழுதினால் நீலப் பென்சில் விடாது. 'பல்பை மாற்றியாகிவிட்டது' என்று எழுதலாம். ஆனால் அது பொய். ஏற்கெனவே ஒரு பொய்க் கடிதத்துக்குக் கையைக் கொடுத்தாகிவிட்டது, இன்னொன்று எழுத அவளுக்கு மனசு வரவில்லை. எழுந்தாள். கடைக்குப் போய் பல்பு வாங்கி வந்தாள். பெஞ்சை இழுத்து வாசலில் போட்டாள். அதன்மேல் ஸ்டூல். எட்டவில்லை. பட்டறைக்கு ஓடி, குடை அடுக்குகிற மரப்பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து ஸ்டூல் மேல் வைத்தாள்.

"விழுந்து தொலைச்சியானா ரெண்டு பேருக்கும் யாருடி கஞ்சி ஊத்துறது?" என்று உள்ளேயிருந்து மாமியார் கத்தினாள்.

"பேசாம சாமியை வேண்டிக்குங்க அத்தை. பேசினா ஆடுது."

மாமியார் சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். கடுகு நுனி விரலில் நின்று, பழைய பல்பைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் பட்டப்பகலில் வாசலில் மஞ்சளாக எரிந்தது. பெஞ்சிலேயே உட்கார்ந்து அன்றே எழுதினாள்:

'இங்கே நானும் அத்தையும் நலம். என்னைக் குறை சொல்கிற அளவுக்கு அத்தைக்குத் தெம்பு இருக்கிறது. வாசல் பல்பை நானே மாற்றிவிட்டேன். எட்டியது. எரிகிறது. ஒரு பல்பு மாட்டப் பஸ் ஏறி வருகிற ஆம்பிளையை நான் எங்கும் பார்த்ததில்லை. உங்களுக்கு எப்போதுதான் புத்தி வரும்? நான் ஸ்டூல் மேல் ஏறினேன். அதன்மேல் பெட்டி வைத்தும் ஏறினேன். என்ன செய்வீர்கள்? பெயின்ட் துணியைப் பாக்கெட்டில் வைக்காதீர்கள். போன கடிதத்தில் இருந்த இனிப்பையெல்லாம் துடைத்துப் போடுங்கள்.'

கண்ணாடிக்காரர் இரண்டு தடவை படித்தார். கடைசி வரியை நீலப் பென்சிலால் அடித்தார். மற்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, வர்றேன்னு சொன்ன மனுஷனுக்கு இப்படியா எழுதுவே? இதைப் படிச்சா வருவானா?"

"பதினேழு வருஷமா இதைக் கேட்டுட்டுத்தான் ஐயா தினம் சாயங்காலமானா வீட்டுக்கு வந்தாரு."

குமாஸ்தா இந்தத் தடவை அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "விடுங்க சார். நம்ம வீட்ல மட்டும் வேற என்ன வாழுது?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வராதே என்று அதில் எங்கேயும் இல்லை. முத்திரையை எடுத்துக் குத்தினார். நெஞ்சுக்குள் என்ன நினைத்தாரோ, அது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

கடிதம் போய்ச் சேர எட்டு நாள் ஆகும் என்பார்கள். இருபதாம் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அந்த ஒன்பது நாளும் கடுகு பட்டறையில் வாயைத் திறக்கவில்லை. "அக்கா, எங்களை ஒரு வார்த்தை திட்டிடுங்க, பயமா இருக்கு" என்று கூட வேலை செய்கிற பெண்கள் கெஞ்சினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கட்டிய ஒரு முடிச்சு அவிழ்ந்து, குடையைத் திரும்பக் கட்ட வேண்டி வந்தது.

இருபதாம் தேதி மதியம் பஸ் நிலையத்தில் சிமென்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எதிரே இரண்டு பேர் ஒரே செய்தித்தாளைச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் பக்கம் புரட்டவில்லை.

பஸ் வந்தது. ஜன்னலுக்குள் ஓர் உயரமான தலை, மேல் கம்பியில் இடிக்காமல் குனிந்தபடி, மெதுவாக வாசலை நோக்கி நகர்ந்தது. கடுகு பெஞ்சிலிருந்து எழுந்தாள். செய்தித்தாள் மடிந்தது. அந்தத் தலை வெளியே வந்தது. யாரோ ஒரு வெளியூர்க்காரர், கையில் கோழிக்கூண்டு. அவருக்குப் பின்னால் ஏழு பேர் இறங்கினார்கள். எட்டாவதாக யாரும் இல்லை.

கடுகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் முதுகைத் தடவினாள். "வரலையாம்மா? அழாத. அடுத்த பஸ்ல வந்துருவாரு."

"வரமாட்டாரு. வரவே மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அந்தப் பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அழைப்பு வந்தது. "ஏன் வரலை?" என்றார் அதிகாரி.

"அவரு என்னைக்குங்க ஐயா சொன்ன நேரத்துக்கு வந்திருக்காரு?"

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "போம்மா" என்று மட்டும் சொன்னார். மருந்துச் சீட்டு நிற்கவில்லை. ஏன் என்று அவள் கேட்கவும் இல்லை.

அதற்கப்புறம் நாலு வருஷம். கட்டம் போட்ட கடிதங்கள் வந்தன, திட்டுக் கடிதங்கள் போயின. பிறகு ஆட்சி மறுபடி மாறியது. இரும்புக் கதவு திறந்து கண்டக்டர் வெளியே வந்தார், பாதி ஆளாக. எல்லையும் திறந்தது. வருவதாகக் கடிதம் போட்டுவிட்டு, பெயின்டர் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தார். தலை நரைத்திருந்தது. பாக்கெட்டில் பெயின்ட் துணி இருந்தது.

மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடுகு அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட் வாங்கிட்டேன்மா" என்று அவர் அம்மாவிடம் சொல்வது கேட்டது. "கிளம்புறதுக்கு முந்தின நாள் அந்தக் கடுதாசி வந்துச்சு. படிச்சதும் தெரிஞ்சுபோச்சு, இவ நல்லாத்தான் இருக்கான்னு. டிக்கெட்டைக் கிழிச்சுட்டேன். நாதான்னு எழுதினதைத்தான் கிழிக்க மனசு வரலை. யாரு சொல்லி எழுதினா என்ன, அவ கையெழுத்துதானே."

அடுப்படியில் சத்தம் நின்றது. அவள் வெளியே வந்தாள்.

"வந்த மனுஷன் உக்காந்து கதை பேசுறதைப் பாரு. வாசல் இருட்டிக் கிடக்கு. அந்தப் பல்பை என்னன்னு பாருங்க. எனக்கு எட்டலை."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஏன்டி, நேத்து நல்லாத்தானே எரிஞ்சுது?" என்றாள் மாமியார்.

"சும்மா இருங்க அத்தை" என்றாள் கடுகு, குரலைத் தாழ்த்தி. காலையில் பெட்டி மேல் ஏறிக் கழற்றிய பல்பை முந்தானைக்குள்ளிருந்து எடுத்துத் துடைத்து, அவரிடம் கொடுக்க வாசலுக்குப் போனாள்.