பேஸ்மென்ற்றில் நடந்த எல்லைச் சண்டை

எல்லைக் கிராமங்களைப் பற்றி என் அத்தானைவிட விபரம் தெரிந்த ஆள் ரொறன்ரோவிலேயே இல்லை. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். அக்காவைக் கட்டுவதற்கு முன் ஒரு வருடம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்காக இருந்தவர். அந்த ஒரு வருடமும் நுளம்புக் கடி, தண்ணீர் ஒத்துவரவில்லை என்று யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். பொழுதுபட்டால் வெளிக்குப் போக அவருக்கு டோர்ச் லைற்றும் வேண்டும், துணைக்கு ஆளும் வேண்டும். கலியாணம் முடிந்த கையோடு, சண்டை எங்கள் பக்கம் எட்டிப் பார்க்க முதலே, அக்காவையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்கு ஏறிவிட்டார்.

எங்கள் ஊர் வவுனியாவுக்கு அப்பால், காட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் இருந்தது. குளத்துக்கு அந்தக் கரையில் சிங்களக் குடியேற்றம். ஒரு காலத்தில் அவர்கள் மண்ணெண்ணெய் வாங்க எங்கள் கடைக்கு வருவார்கள். எங்கள் ஆட்கள் நெல் அரிவு வெட்டுக்கு அங்கே போவார்கள். பிறகு இரண்டு பக்கமும் துவக்கு வந்தது. ஒரு விடியற்காலை அந்தக் கரையிலிருந்து வந்து எங்கள் ஊரை வெட்டினார்கள். நான் பற்றைக்குள் கிடந்து தப்பினேன். அப்பா தப்பவில்லை. அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டதால் அதைப் பார்க்க அவள் இருக்கவில்லை. பிறகு அகதி முகாம், கொழும்பில் லொட்ஜ், ஏஜென்சிக்காரன் இழுத்த இழுப்பில் மூன்று நான்கு நாடுகள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலம், ரொறன்ரோவின் மல்வேர்ன் பக்கம் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அந்த வீட்டின் பேஸ்மென்ற்தான் அத்தானின் போர்முனை. சுவரில் பெரிய இலங்கைப் படம், அதில் சிவப்பிலும் நீலத்திலும் குண்டூசிகள். கீழே இரண்டு சோபா. ஞாயிறு மத்தியானத்தில் அவருடைய கூட்டாளிகள் வந்து இறங்குவார்கள். ஒருவர் இன்சூரன்ஸ் விற்பவர், ஒருவர் பலசரக்குக் கடைக்காரர், இன்னொருவர் என்ன வேலை என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. அக்கா மேலே ரோல்ஸ் பொரிப்பாள். நான் தட்டைக் கீழே கொண்டுபோவேன். எங்கள் ஆட்கள் எல்லை தாண்டி அடித்தார்கள் என்று செய்தி வந்தால் சந்தோசத்தில் ஒரு போத்தல் திறப்பார்கள். அவர்கள் வந்து எங்கள் சனத்தை அடித்தார்கள் என்றால் துக்கத்தில் அதே போத்தலை முடிப்பார்கள்.

வந்த புதிதில் ஒருநாள் அத்தான் ஊசி ஒன்றைக் குத்தி, "இதுதான் எங்கட மாமான்ர ஊர். குளம் இஞ்ச மேற்கால" என்று அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"குளம் ஊருக்குக் கிழக்கால அத்தான்" என்றேன்.

"இல்லைப் பிள்ளை. உமக்கு நினைவு பிசகிப்போச்சு. உப்பிடி அதிர்ச்சியில வாறதுதான்."

கூட்டாளிகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பிறந்த நாளிலிருந்து நான் குளித்த குளம் அது. காலை வெயில் அதன்மேலாகத்தான் எங்கள் முற்றத்துக்கு வரும். ரோல்ஸ் தட்டை வைத்துவிட்டு மேலே வந்தேன்.

அப்பாவின் கதையையும் அவர் விட்டுவைக்கவில்லை. அப்பா கோடாலியோடு படலையில் நின்று, வந்தவர்களில் மூன்று பேரை விழுத்திவிட்டுத்தான் விழுந்தார் என்பது அத்தானின் கதை. பிறந்தநாள் வீடுகளிலும் சாமத்தியவீடுகளிலும் அதைச் சொல்லும்போது அவர் எழும்பி நின்றுவிடுவார். கை கோடாலியைப் பிடிக்கும்.

"அப்பா மாடு கறந்துகொண்டிருந்தவர் அத்தான். பின்னால வந்து வெட்டினவங்கள்" என்று ஒருநாள் காருக்குள் வைத்துச் சொன்னேன்.

"எனக்கும் தெரியும். உது சபையில சொல்லுற கதை இல்லை."

அக்கா முன் சீற்றில் இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கோடாலிக் கதைதான் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

இப்படி இரண்டு மூன்று வருடம் போனபிறகு, அந்த மனிதர் வந்தார். முப்பது வயது மதிக்கலாம், இயக்கத்திலிருந்து விலகி வந்தவர், இருக்க இடம் இல்லை என்று யாரோ சொல்ல, அத்தானுக்குக் கால் நிலத்தில் படவில்லை. சண்டைக்குப் போன ஓர் ஆளைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. பேஸ்மென்ற்றில் ஹீற்றர் இருக்கும் மூலையோடு ஒட்டின சின்ன அறையைக் கொடுத்தார். அந்த மனிதர் மிசிசாகாவில், எயார்போட்டுக்குப் பக்கத்தில், பிளேனில் சாப்பாடு கொடுக்கும் தட்டுகளைக் கழுவும் வேலைக்குப் போனார். மூன்று பஸ் மாறிப் போய், மூன்று பஸ் மாறி வருவார். நின்றபடியே சாப்பிடுவார். சோபாவில் ஒருநாளும் இருந்ததில்லை. அத்தான் படத்தைக் காட்டி ஏதாவது கேட்டால் "ஓம் அண்ணை" என்பார். குளத்தை மேற்கே வைத்தாலும் "ஓம் அண்ணை"தான்.

ஒரு ஞாயிறு கூட்டாளிகள் அவரை விடவில்லை. அத்தான் அவருக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார்.

"சும்மா சொல்லும் தம்பி. எல்லைக்கு அங்கால போய் அடிச்சனீர்தானே? நாங்கள் எல்லாம் உம்மட ஆக்கள்."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாங்கள் போகேக்க அதுகள் தேத்தண்ணி வைச்சுக்கொண்டிருந்ததுகள்."

"ஆமிக் காம்ப்தானே?"

"இல்லை அண்ணை. வீடுகள்."

"ஊர்காவல்காரன்ர வீடுகள்" என்று அத்தான் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினார்.

"ஒரு வீட்டில ரெண்டு துவக்கு இருந்தது. மற்ற வீடுகளில ஒண்டும் இல்லை."

இன்சூரன்ஸ்காரர் முன்னுக்குச் சரிந்து, "எத்தினை விழுந்தது?" என்று கேட்டார். கிரிக்கெட் பார்க்காமல் விட்டவர் ஸ்கோர் கேட்பதுபோல இருந்தது.

"எண்ணேல்லை."

நான் தட்டோடு படியடியில் நின்றேன். அது எந்த ஊர் என்று கேட்டேன். அவர் பெயரைச் சொன்னார். எங்கள் குளத்துக்கு அந்தக் கரை. எந்தத் திகதி என்று கேட்டேன். அதையும் சொன்னார். எங்கள் ஊரை வெட்டியது அதற்கு அடுத்த கிழமை.

"குளத்துக்கு இஞ்சால, எங்கட ஊருக்குள்ளாலயோ போனனீங்கள்?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அத்தான் படத்தில் காட்டும் அந்த ஊரிலிருந்து தப்பி வந்தவள் நான் என்று அவருக்கு அதுவரை தெரியாது. "ஓம் தங்கச்சி. கடையடியில நிண்டு தண்ணி குடிச்சனாங்கள். ஒரு ஐயா வாளியில கொண்டுவந்து தந்தவர்."

அது அப்பா இல்லை, கடைக்காரர். அவரும் அந்த விடியற்காலையோடு போய்விட்டார்.

"நீங்கள் அடிச்சிட்டு வந்தா, அவங்கள் திருப்பி எங்களிட்டைத்தான் வருவாங்கள் எண்டு தெரியாதோ?"

"தெரியும்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா சனம் எழும்பிப் போயிருக்குமே."

"சொல்லவேண்டாம் எண்டு பொறுப்பாளர்மார் சொன்னவை. சனம் எழும்பிப் போனா எல்லை வெறுமையாப் போயிடுமாம். சனம் இருந்தாத்தானாம் எல்லை."

தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த மனிதர் கதிரையை விட்டு எழும்பிச் சுவரோடு நின்றார். அப்போது அத்தான் சோபாவில் சாய்ந்தபடி, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"அது சரிதானே. இழப்பு இல்லாமல் போராட்டம் இல்லை. ஒரு அங்குல நிலமும் விடேலாது."

"அப்ப நீங்கள் போய் இருங்கோ அத்தான்" என்றேன். "அப்பான்ர வீடு இப்பவும் வெறுமையாத்தான் கிடக்கு. சுவர் நிக்குது, கூரைதான் இல்லை. பொழுதுபட்டா துணைக்கு ஆள் பிடிக்கிறதுதான் கஸ்ரம்."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. கூட்டாளிகள் ஒவ்வொருவராக எழும்பி ஜக்கெற்றைத் தேடினார்கள். ஸ்னோ கொட்டப்போகிறதாம். பலசரக்குக் கடைக்காரர் போகும்போது மிச்ச ரோல்ஸைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டார். அப்பாவைக் கொன்ற கதையைக் கேட்ட ஆளுக்கும் வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கும்தானே.

மறுநாளே அந்த மனிதரை அறையை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார் அத்தான். அதோடு நிற்கவில்லை. போன் எடுத்து, அந்த ஆள் துரோகி, காட்டிக்கொடுத்துவிட்டு ஓடிவந்தவன், கவனம் என்று ஊரெல்லாம் சொன்னார். தன் சீவியத்தில் அத்தான் ஒரு மனிதன்மேல் பிரயோகித்த ஒரே ஆயுதம் அந்தச் சொல்தான். சோபாவில் இருந்தபடியே பிரயோகிக்கலாம் என்பது அதன் வசதி.

அந்த மனிதர் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸ் வேலை கிடைத்து, இரண்டு பையோடு போனார். போகும்போது கதவடியில் நின்று, "தங்கச்சி, நான்..." என்று தொடங்கினார்.

"ஒண்டும் சொல்லவேண்டாம் அண்ணை" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனார். அவரை நான் மன்னிக்கவில்லை, இன்றுவரை இல்லை. வாளியில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கொடுத்த கையைச் சாக விட்டவர்களில் ஒருவர் அவர். அதை அவர் அறிந்திருந்தார். அதனால் அவரை வெறுக்க முடிந்ததே தவிர, அத்தானைப் பார்ப்பதுபோலப் பார்க்க முடியவில்லை.

பனி கரையத் தொடங்கியதும் நானும் வெளிக்கிட்டேன். என்னோடு பக்ரறியில் வேலை செய்த இரண்டு பெண்கள் பக்கத்து மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களோடு போய்ச் சேர்ந்தேன். அத்தான் தடுக்கவில்லை. "நன்றி இல்லாத சாதிகள்" என்று அக்காவிடம் சொன்னாராம். அந்தக் கோடையில் அவரை எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர் ஆக்கினார்கள். எங்கள் ஊரில் பிறந்து ரொறன்ரோவில் இருந்தவர்கள் நானும் அக்காவும் இன்னும் இரண்டு குடும்பமும்தான். சங்கத்தின் மேடையில் இருந்தவர்களோ பத்துப் பேருக்கு மேல். அதில் ஒருவர் என்னிடம் வந்து, எங்கள் ஊருக்கு ரயில் போகுமா என்று கேட்டார்.

ஒருநாள் அக்கா கறிச்சட்டியோடு பஸ்ஸில் தனியாக வந்தாள். நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு நொந்திருக்குமோடி?" என்று கேட்டாள்.

"இல்லையக்கா. திரும்பிப் பாக்கவே நேரம் இருந்திருக்காது."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அக்கா அழவில்லை. எந்த மாடு என்று கேட்டாள். சிவலை என்றேன். சிவலைக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டாள். கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடியதைக் கண்டேன், அதற்கு மேல் தெரியாது என்றேன். பிறகு அவள் சட்டியைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

"நான் போகவேணும். அவருக்கு மீற்றிங். எல்லையில திரும்பவும் தொடங்கீட்டுதாம்."

"இவை ஆராவது அங்க போகினமாமோ?"

அக்கா சிரித்துவிட்டாள். நான் கனடா வந்தபிறகு அவள் அத்தானை நினைத்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. "ஒருத்தரும் இல்லை. நாலரைக்கு முதல் மீற்றிங் ஹோல் திறக்கமாட்டாங்களாம் எண்டு காலமையிலயிருந்து கத்திக்கொண்டு நிக்கிறார்."

பஸ் தரிப்புவரை அவளோடு நடந்தேன். பஸ் வரச் சுணங்கியது. அவள் அப்பாவைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டே நின்றாள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன்.