மூன்று பாகம் கயிறு

பாம்பூஃப்ளாட் உபதேசியார் ஆறு வாரமாகப் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதில்லை என்ற பேச்சு சாத்தாம் படகுத்துறையில் கிளம்பியது. மீன் கூடையோடு அக்கரைப் படகுக்குக் காத்திருந்த ரோசலின், தன் நாத்தனார் சொன்னதாகச் சொன்னாள். நாத்தனாருக்கு யார் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

“பூசையில செபம் சொல்றது பூரா அவருதான். நன்மை குடுக்கிற நேரம் மட்டும் மெழுகுவத்தியச் சரிபண்ணப் போயிருதாராம்.”

“எதுக்காம்?”

“மெயின்லேண்டுல இன்னொரு குடும்பம் இருக்காம்லா.”

“போடீ! ஆரோக்கியசெல்வி ஒருத்திக்கே அந்த மனுசன் வாயத் தொறந்து பதில் சொல்ல மாட்டாரு. இதுல இன்னொருத்தியா?”

சிரிப்பு படகேறி அக்கரையில் பாம்பூஃப்ளாட் போய்ச் சேர்ந்தது. மாலைக்குள் ஆரோக்கியசெல்வி காதுக்கும் வந்துவிட்டது. அவள் புருஷனிடம் நேராகவே கேட்டாள். “ஊரு சிரிக்குது. என்னன்னு எங்கிட்டயாவது சொல்லுங்க.” உபதேசியார் அந்தோணிமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஐம்பத்தாறில் இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்து, அரசாங்க டிங்கிப் படகு ஓட்டும் வேலையில் சேர்ந்தார். பாம்பூஃப்ளாட்டுக்கென்று தனிச் சாமியார் கிடையாது. ராஞ்சிக்காரச் சாமியார் ஒருவர் மாதம் இருமுறை கடல் தாண்டி வந்து தகரக் கொட்டகையில் பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் செபமாலை, ஞானோபதேசம், சாவு விழுந்தால் அடக்கச் செபம், எல்லாம் அந்தோணிமுத்துதான். சாமியாருக்குத் தமிழ் வராது. ஆகவே பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின நாள் பெண்களெல்லாம் உபதேசியாரிடம் வந்து, தங்கள் பாவத்துக்கு இந்தியில் என்ன என்று கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு போவார்கள். ‘மைனே ஜூட் போலா, பொய் சொன்னேன்’ என்று அவர் சொல்லிக்கொடுத்தது எத்தனை பேருக்கு என்று கணக்கில்லை. ஊரின் பாவமெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் மொழி மாறியது.

போன செப்டம்பரில், மாதா திருநாளுக்கு முந்தின நவநாளில், அது நடந்தது. தூத்துக்குடிப் பக்கம் கடல் ஏறி இறங்குவது முழங்கால் அளவு. படகைக் குட்டையாகக் கட்டிப்போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இங்கே கடல் ஆளுயரத்துக்கு மேல் ஏறி இறங்கும். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் அவரே எச்சரிப்பார்: “ஊர்க் கட்டுக் கட்டாதீங்கலே. மூணு பாகம் விட்டுக் கட்டணும்.” இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அன்று செபத்துக்கு நேரமாகிவிட்டது. கொட்டகையில் ஆட்கள் காத்திருந்தார்கள். கடல் நிறைந்து நின்றது. பதினேழு வருஷம் இங்கே படகு ஓட்டிய கை, அவசரத்தில் ஊர்க் கட்டைப் போட்டுவிட்டது. ஒரு பாகம்கூட இல்லை.

கடல் வற்றியபோது டிங்கி கயிற்றில் தொங்கி, கயிறு அறுந்து, போய்ப் பாறையில் சிதறியது. அந்த நேரம் துறையில் காவல் இருந்தவன் உதயசூரியன், ராமநாதபுரத்து ஆள். விசாரணை வைத்தவர் ராமகிருஷ்ணன் என்ற அதிகாரி.

“எத்தனை பாகம் விட்டுக் கட்டினீர்?”

“மூணு பாகம் சார்.”

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் சொன்ன பிறகு அவர் அதைத் திருப்பி எடுக்கவில்லை. காவல்காரன் திருட்டுத்தனமாக மீன் பிடிக்க டிங்கியை அவிழ்த்துப் போயிருக்கிறான், வந்து குட்டையாகக் கட்டியிருக்கிறான் என்று ராமகிருஷ்ணன் முடிவு கட்டினார். உதயசூரியன் சத்தியம் செய்தான். “உபதேசியார் பொய் சொல்வாரா?” என்று அதிகாரி கேட்டார். அறையில் இருந்த நான்கு பேரும் மாட்டார் என்று தலையை ஆட்டினார்கள். அந்தோணிமுத்து தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதயசூரியனுக்கு வேலை போயிற்று. டெலானிபூர்க் குவார்ட்டர்ஸும் போயிற்று.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர் பாவசங்கீர்த்தனம் செய்தார். மைனே ஜூட் போலா. அவ்வளவுதான். யாரைப் பற்றி, எங்கே என்று சொல்லவில்லை, சாமியாரும் கேட்கவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம். சொல்லி முடித்து எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றியது.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிறு, நன்மை வாங்கிய நாக்கோடு வெளியே வந்தார். சாலை ஓரத்தில் ஒரு பெண் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். உதயசூரியனின் மனைவி சந்திரமதி. விரல்களில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தாள். நிமிர்ந்து, “கும்புடுறேன் உபதேசியாரே” என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அந்த நாளிலிருந்து அவர் நன்மை வாங்கவில்லை.

ஊர்ப் பேச்சு கிளம்பிய பிறகு, ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்து ஞாயிறு ஒன்றில் சாமியார் வந்தபோது, பூசைக்கு முன் அந்தோணிமுத்து எல்லாவற்றையும் சொன்னார். தடுமாறும் இந்தியில், கயிற்று அளவு உட்பட. சாமியார் கேட்டார்:

“பொய்யை எங்கே சொன்னாய்?”

“ஆபீஸில்.”

“யார் காதில்?”

“ராமகிருஷ்ணன் சார் காதில்.”

“அப்படியானால் உண்மையை மட்டும் ஏன் என் காதில் சொல்கிறாய்? இங்கே சொன்னது வெளியே போகாது என்பதாலா?”

உபதேசியாருக்கு முகம் எரிந்தது. பாவத்துக்கான மனஸ்தாபம் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அழுவது, வருந்துவது, இனிச் செய்யமாட்டேன் என்பது எல்லாம் அவரிடம் இருந்தது. கெட்ட பெயரை எடுத்துக்கொள்ளும் துணிவு மட்டும் இல்லை. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கடவுளிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

பூசை முடிந்ததும் நேராக உதயசூரியன் குடிசைக்குப் போனார். அவன் வாசலில் ஜல்லிச் சுத்தியலுக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தான். அந்தோணிமுத்து நின்றபடியே சொன்னார்: “தம்பி, கயித்தக் குட்டையாக் கட்டினது நான்தான்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“மறுநாக் காலையிலயே தெரியும். துறை வளையத்துல அறுந்த துண்டு கெடந்துச்சுல்ல. அது உங்க முடிச்சு. இந்தத் துறையில வேற யாரு அப்படிப் போடுறா? சார்கிட்டக் காட்டினேன். முடிச்சு சாட்சி சொல்லுமான்னு கேட்டாரு.”

“நீ எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே.”

“நீங்க வருவீங்கன்னுல்ல இருந்தேன்” என்றான் உதயசூரியன். “சாமி கும்புடுற ஆளு, மனசு கேக்காது, வந்துருவாருன்னு இவகிட்டச் சொன்னேன்.”

“நான் சிரிச்சேன்” என்றாள் உள்ளேயிருந்து சந்திரமதி. “மொத மாசம் சிரிச்சேன். அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுட்டோம்.”

அந்தோணிமுத்து அவன் முன்னால் மண்டியிட்டார்.

“எந்திரிங்க, வேட்டியெல்லாம் கல்லுத்தூளு” என்றான் உதயசூரியன். “எங்கிட்ட விழுந்து என்ன ஆவப்போவுது? நாலு பேரு முன்னால நான் திருடன். இங்க மூணு பேருதான் இருக்கோம்.”

“நாளைக்கே ஆபீசுக்குப் போறேன். சார்கிட்டச் சொல்லிடறேன்.”

சந்திரமதி வெளியே வந்தாள். “நாளைக்கு எந்தச் சாரு? மாத்தலாகி இன்னிக்கு மதியக் கப்பல்ல மெட்ராஸ் போறாராமே. கோர்ட்டு கச்சேரி மாதிரி எழுதி வச்சவரு அவரு. அவரு வாயால மாத்தினாத்தான் உண்டு.”

அடுத்த படகு பதினொன்றரைக்கு. அதற்குள் ராமகிருஷ்ணன் குவார்ட்டர்ஸை விட்டுக் கிளம்பிவிடுவார். பாம்பூஃப்ளாட் படகுத்துறை டிக்கெட் அறையில் ஒரு போன் இருந்தது. மூவரும் நடந்தார்கள். துறையில் ஞாயிற்றுக் கூட்டம். முன்வரிசையில் ரோசலின், காலி கூடையோடு. டிக்கெட் கொடுக்கும் இராஜமாணிக்கம் போனை ஜன்னல் விளிம்புக்கு நகர்த்தி வைத்தார். “உள்ள எடமில்ல உபதேசியாரே. இங்கயே நின்னு பேசுங்க. சத்தமாப் பேசணும், இல்லாட்டி அந்தப் பக்கம் கேக்காது.”

ரோசலின் பக்கத்தில் நின்றவளின் கையைக் கிள்ளினாள். வரிசை பேச்சை நிறுத்தியது.

அந்தோணிமுத்து எக்ஸ்சேஞ்சிடம் ராமகிருஷ்ணனின் டெலானிபூர் வீட்டு எண்ணைச் சொன்னார். “பெல் ஜா ரஹா ஹை” என்றாள் எக்ஸ்சேஞ்ச் பெண். மணி அடித்தது. ஏழு, எட்டு. யாரும் எடுக்கவில்லை. ஒன்பதாவது மணியில் நெஞ்சின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு நிம்மதி எழுந்தது: எடுக்காமலே போய்விட்டால், முயற்சி செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நிம்மதியைக் கண்டதும் அவருக்குக் காது வரை வெட்கம் ஏறியது. இத்தனைக்குப் பிறகுமா?

இணைப்பு அறுந்தது. அவர் போனை வைக்கப் போனார்.

“இன்னொரு வாட்டி போடச் சொல்லுங்க” என்றான் உதயசூரியன்.

அந்தோணிமுத்து வரிசையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி அதே எண்ணை மறுபடி சொன்னார். அக்கரையில் மணி அடிக்கத் தொடங்கியது.