ஓணானுக்காக இறக்கிய அண்டா

எங்கள் வீட்டு ஷோகேஸில் ஓர் ஓணான் குடியிருக்கிறது. வேலியில் தலையாட்டிக்கொண்டு நிற்குமே, அந்த ஓணான் அல்ல. தாடையைச் சுற்றி முள் முள்ளாகத் தாடி வைத்த, என் முழங்கை நீளம் இருக்கும் ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஓணான். என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். அவரோடு வேலை செய்த ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது, உரிமக் காகிதத்தோடு சேர்த்து அதை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு அது, காலில் போடும் சப்பாத்து வந்த ஓர் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியது.

"வேலியில போற ஓணான எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு," என்றேன்.

"நான் வேட்டியே கட்டுறதில்ல லா," என்றார் அவர்.

பெட்டிக்குள்ளிருந்து அது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. கடன் கேட்க வந்த சொந்தக்காரர் மாதிரி அவ்வளவு பணிவான பார்வை. மறுநாள் காலையில் "தம்பி சாப்பிட்டானா?" என்று நான்தான் முதலில் கேட்டேன். அதிலிருந்து அது தம்பி.

அந்தச் சனிக்கிழமை இவர் பேரங்காடியில் இருக்கும் செல்லப்பிராணிக் கடைக்குப் போய் ஒரு பட்டியலோடு திரும்பினார். ஓணானுக்குக் கண்ணாடி வீடு. ஓணான் படுக்கப் பாறை, அதுவும் பிளாஸ்டிக் பாறை. ஓணானுக்கு ஊஞ்சல். எங்கள் கல்யாணத்துக்கே நாங்கள் இவ்வளவு சாமான் வாங்கவில்லை. என்னைக் கஞ்சப்பிசினாறி என்று முதுகுக்குப் பின்னால் சொல்பவர்கள் உண்டு. என் கணவர் முகத்துக்கு நேராகவே சொல்வார். பட்டியலை வாங்கி நாலாக மடித்து ஃபிரிட்ஜின் ஆடும் காலுக்கு அடியில் வைத்தேன். ஆட்டம் நின்றது.

"ஒண்ணும் வாங்க வேணாம். வீட்டுலயே எல்லாம் இருக்கு," என்றேன்.

உண்மையாகவே இருந்தது. ஷோகேஸின் அடித்தட்டு நல்ல அகலம், முன்னால் தள்ளிவிடும் கண்ணாடிக் கதவு. அதிர்ஷ்டக் குலுக்கலில் கிடைத்து ஒருநாளும் பயன்படாத கிண்ணங்களை அங்கிருந்து கிளப்பி, பின்பலகையில் காற்றுக்குத் துளை போட்டோம். சமையலறைக்குப் போட்டது போக மிச்சமிருந்த டைல்ஸ் தரைக்குச் சரியாக அமைந்தது. வெயில் காய, ஜன்னல் பக்கமாக ஒரு செங்கல். போன வருஷத்துப் பொங்கல் பானையில் பாதி உடைந்து கிடந்ததைக் கவிழ்த்தேன், படுக்கையறை ஆயிற்று. பழைய பூத்துவாலையின் இரண்டு முனைகளைக் கட்டித் தொங்கவிட்டதும் தம்பி அதில் ஏறி, நாலு காலையும் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். அவனுக்கு ஊஞ்சலின் விலை தெரியவில்லை.

சூடு எவ்வளவு என்று பார்க்கக் கருவி வேண்டும் என்றார் இவர். கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேரே பிடிக்கிற வெப்பமானி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதில் பொருளின் சூட்டை அளக்கவும் ஒரு பொத்தான் உண்டு. நான் அந்தப் பொத்தானை மறந்துவிட்டுச் செங்கலின் மேல் பிடித்தேன். சிவப்பு விளக்கு எரிந்து, கீக் கீக் என்று கத்தி, செங்கலுக்குக் கடுமையான காய்ச்சல் என்று சொல்லியது. நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

ஒரே ஒரு இடத்தில் நான் தோற்றேன். புற ஊதாக் கதிர் விளக்கு. ஜன்னல் வழியாக வருகிற வெயில் போதாதா என்று மூன்று நாள் வாதாடினேன். கண்ணாடி அந்தக் கதிரை நிறுத்திவிடும், அது இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும் என்று இவர் படித்துக் காட்டினார். அதைச் செய்ய என் சமையலறையில் எதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு வாங்கினேன்.

சாப்பாட்டுக்குத்தான் என் முழுத் திறமையும் வெளிப்பட்டது. பாசார் சந்தையில் பன்னிரண்டு மணிக்குக் கடை கட்டும் நேரம் போய் நின்றால் சவிக் கீரையின் வெளி இலைகளைச் சும்மாவே கொடுப்பார்கள்.

"முயல் வளக்கிறீங்களா அக்கா?" என்று காய்கறிக்காரர் கேட்டார்.

"முயல் இல்ல லா, ஓணான்."

அவர் இன்னொரு கட்டைச் சேர்த்துக் கொடுத்தார். பயமா பரிவா என்று இன்றுவரை தெரியவில்லை. முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, பிளண்டரில் போட்டுத் தூளாக்கினேன். சுண்ணாம்புச் சத்து தயார். தம்பிக்குப் பூச்சியும் வேண்டும் என்பதால், பறக்கத் தெரியாத ஒரு வகைக் கரப்பானை மளிகைக்கடை முட்டை அட்டைகளை அடுக்கி நானே வளர்த்தேன். இருபது வருஷம் கையில் செருப்போடு கரப்பானைத் துரத்தியவள், பூசணித் தோல் சீவிப் போட்டு அதை வளர்த்தேன். சுற்றுலாவுக்குத் தூக்கிப்போகும் ஐஸ் பெட்டியில் பெரிய கரப்பான், அரிசி டப்பாவில் குட்டிக் கரப்பான், துணி ஊறவைக்கும் பேசினில் தம்பியின் குளியல், பிஸ்கட் டின்னில் அவன் கீரை. வீட்டில் வேலையில்லாமல் சும்மா இருந்த பாத்திரம் ஒன்றுகூட இல்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒரு வருஷம் போனது. சீனப் புத்தாண்டுப் பெருநாள் நெருங்கியபோது தம்பிக்கு வயிறு வைத்தது. பக்கவாட்டில் உருண்டு திரண்டு நல்ல தொந்தி. என் பூசணித் தோலின் மகிமை என்று எல்லாருக்கும் படம் அனுப்பினேன். பிறகு சாப்பாட்டைக் குறைத்தான். ஒரு வாரம் பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பிடாமலேயே உடம்பு போடுகிற பிராணி! சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும்: கரப்பான் மிச்சமாகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். நாள் முழுக்க டைல்ஸைப் பிறாண்டினான். மூலைக்குப் போய்ப் பிறாண்டுவான், செங்கலைத் தள்ளிவிட்டு அதன் அடியில் பிறாண்டுவான். அடம் பிடிக்கிறான் என்றேன். பெருநாளுக்கு முதல் நாள் காலை, நகம் ஒன்று பிய்ந்து டைல்ஸில் ரத்தம் கோடாக இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். இவர் கார் சாவியை எடுத்தார்.

பிரிக்பீல்ட்ஸில் இந்தப் பிராணிகளைப் பார்க்கிற மருத்துவர் ஒருவர் அன்று அரைநாள் இருந்தார். சின்னப் பெண், தமிழ்ப் பெண். வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"இது தம்பி இல்ல ஆன்டி. பொண்ணு. வயித்துல முட்ட இருக்கு. இங்க தொட்டுப் பாருங்க, திராட்ச மாதிரி."

தொட்டேன். வரிசையாக இருந்தன. "ஆம்பள ஓணானே இல்லாமயா?"

"சேவல் இல்லாம கோழி முட்ட போடலையா ஆன்டி? குஞ்சு வராது, ஆனா முட்ட வெளிய வந்தாவணும். தோண்டுறதுக்கு எடம் குடுத்திருக்கீங்களா?"

"டைல்ஸ் போட்டிருக்கேன். நல்ல டைல்ஸ்."

"டைல்ஸ்ல எப்படி ஆன்டி குழி தோண்டும்?" அவர் குரலில் கோபம் இல்லை. "ஈர மண்ணு வேணும், ஆழமா. குழி தோண்டுனாதான் முட்ட போடும். ரெண்டு நாள் பாருங்க. போடலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க, வயித்தத் தொறக்கணும். சின்ன ஒடம்பு. எல்லாம் தாங்குறதில்ல."

நகத்துக்கு மருந்து போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும்போது துவாலையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். ஒரு வாரமாக அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் அடம் என்று சொல்லியிருக்கிறேன். "கடைக்குப் போங்க. என்னா வெலைனாலும் மண்ணு, பெட்டி எல்லாம் வாங்கிரலாம்," என்றேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷத்தில் என் வாயிலிருந்து கேட்டிராத வாக்கியம். ஆனால் மூன்று கடைக்குப் போனோம், மூன்றிலும் கதவு இறக்கிச் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. பெருநாள் முடிந்து நாலு நாள் கழித்துத்தான் திறப்பார்கள். இவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை.

மண்ணுக்குக் குறைவில்லை. பூந்தொட்டி மண் இருந்தது. பக்கத்து வீட்டில் கட்டு வேலை நடந்ததால் வாசலில் மணல் குவிந்திருந்தது, கேட்டதும் அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். மாவு சலிக்கிற சல்லடையிலேயே இரண்டையும் சலித்தேன். தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைந்தேன். ஈரம் எவ்வளவு என்று இவர் போனில் தேடிக்கொண்டிருந்தார். நான் தேடவில்லை. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். புட்டு மாவுப் பதம், அதற்கு மேல் ஒரு கை தண்ணீர். அந்த அளவு என் விரலுக்குத் தெரியும்.

ஆனால் இவ்வளவு மண்ணைக் கொட்ட ஆழமான பாத்திரம் வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் கரப்பானுக்கும் கீரைக்கும் போய்விட்டது. ஐஸ் பெட்டியைக் காலி செய்யலாம் என்றால் அதற்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான கரப்பானை எங்கே கொட்டுவது? நாங்கள் கூடத்தின் நடுவில் மண்குவியலோடு நின்றோம். அப்போது இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அந்த அண்டா..."

அலமாரி உச்சியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஓர் எவர்சில்வர் அண்டா இருந்தது. ரவாங்கில் இருக்கும் என் அம்மா சீரோடு கொடுத்தது. முதல் பிள்ளை பிறந்ததும் எனக்கு வெந்நீர் வைத்து ஊற்றுவதற்கு என்று சொல்லிக் கொடுத்தார். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சில வருஷம் காத்திருந்தோம், சில வருஷம் மருத்துவமனைக்கு நடந்தோம், பிறகு நிறுத்திவிட்டோம். வீட்டில் ஒரு டப்பாவையும் சும்மா விடாத நான் அதை மட்டும் எடுத்ததே இல்லை. அம்மா வரும்போதெல்லாம் அலமாரி உச்சியை ஒருமுறை பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார்.

"எறக்குங்க," என்றேன்.

உறையை நானே கிழித்தேன். மண்ணைக் கொட்டி அமுக்கி, கையால் ஒரு குழி தொடங்கிக் காட்டி அவளை உள்ளே விட்டேன். பாதி வாயை ஒரு பழைய சேலையால் மூடினோம். முதல் நாள் கொஞ்சம் தோண்டினாள், ஏறி வந்துவிட்டாள். அன்று நான் சமைக்கவே இல்லை. மறுநாள் மத்தியானம், வெளியே பட்டாசுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, மண் தெறிக்கத் தோண்ட ஆரம்பித்தாள். வால் நுனி மட்டும் தெரிந்தது. பிறகு உள்ளேயே திரும்பித் தலையை வெளியே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நாங்கள் இருவரும் சுவர் ஓரத்தில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது. ஒருவழியாக வெளியே வந்தவள், மண்ணைத் திரும்பத் தள்ளிக் குழியை மூடி, மூக்காலேயே தட்டித் தட்டிச் சமன் செய்தாள். வயிறு ஒட்டிப்போய் எலும்பு தெரிந்தது. தட்டில் இருந்த தண்ணீரை நக்கி நக்கிக் குடித்தாள். ஐந்து கரப்பானை ஒரே மூச்சில் விழுங்கினாள். நான் வாய்விட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டில் யாருக்கோ லாட்டரி விழுந்ததென்று நினைத்திருப்பார்கள்.

மண்ணைக் கிளறிப் பார்த்தோம். வெள்ளை வெள்ளையாக, என் கட்டைவிரல் நுனி அளவில், பத்தொன்பது முட்டைகள்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "அம்மா, அந்த அண்டாவ எறக்கிட்டேன்."

நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். ஓணான் என்றும் சொன்னேன், மண் கொட்டியதையும் சொன்னேன். சீர்ப் பாத்திரத்தில் ஓணானை விட்டாயா என்ற திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"எத்தன?" என்றார் அம்மா.

"பத்தொம்போது."

அம்மா சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அழுகையாக மாறியது எனக்கா அவருக்கா முதலில் என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு அம்மா கேட்டார்.

"பெத்தவளுக்கு வென்னி வச்சியாடி?"

"இன்னும் இல்லம்மா. டாக்டர்கிட்ட கேட்டேன், வெதுவெதுன்னு தண்ணியில கொஞ்ச நேரம் விடச் சொன்னாங்க."

"அப்ப வையி. அதுக்குத்தானே அண்டா குடுத்தேன்."

மண்ணை வெளியே கொட்டி, அண்டாவைத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஏற்றிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றத் தொடங்கினேன். ஓணான் குளிக்க ஒரு செம்புத் தண்ணீர் போதும் என்று இவர் பின்னாலிருந்து சொன்னார். நான் அண்டா நிறைய ஊற்றினேன்.