கொரைசா வந்த ஓட்டுநர்

எங்கள் பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் ‘நிதானம்’ என்றே கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருடம் நான்கு மாதம் வண்டி ஓட்டியவர். விபத்து ஒன்றுகூட இல்லை. ஹாரன் அடிப்பதே அபூர்வம். அதுவரை நோய்க்காக எடுத்த விடுப்பு மொத்தம் ஒன்பது நாள். விடுப்புப் பதிவேட்டை எழுதியவன் நான்.

ஓய்வு பெறும் மாதத்தில் அவருக்கு ஒரே ஓர் ஆசை. கடைசி நாளான முப்பத்தொன்றாம் தேதி, பதினான்காம் எண் வண்டியை ஓட்ட வேண்டும். முன் இருக்கையில் மனைவி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்குத் துணிக்கடையில் வேலை. கடைக்கும் இவருக்கும் ஒரே நாளில்தான் விடுமுறை. கணவர் ஓட்டும் வண்டியில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை.

பதினெட்டாம் தேதி நிதானத்துக்குச் சளி பிடித்தது. தும்மும்போது கண் மூடும், அதற்குள் வண்டி பத்து மீட்டர் போய்விடும் என்று இரண்டு நாள் விடுப்புக் கேட்டார்.

“சளிக்கெல்லாம் லீவு கிடையாதுங்க. பெரிசா ஏதாவது இருந்தா சர்டிபிகேட் கொண்டாங்க” என்றார் மேலாளர்.

எதிர்வரிசை டாக்டர் இரக்கப்பட்டு, ‘அக்யூட் கொரைசா’ என்று எழுதிக் கொடுத்தார். “சளிக்கு எங்க புத்தகத்துல இருக்கிற பேரு இது. யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க, போங்க.”

யாரும் கேட்கவில்லை. விடுப்பு ஒரே நிமிடத்தில் கிடைத்தது. நானும் கேட்கவில்லை, எழுத்துப் பிசகாமல் பதிவேட்டில் ஏற்றினேன், அவ்வளவுதான்.

இருபத்தொன்றாம் தேதி மூக்கு காய்ந்து வேலைக்கு வந்தார். பிடித்தது சனி. எங்கள் நோய்ப் பட்டியலில் நாற்பத்தொரு நோய்கள். கொரைசா அதில் இல்லை. பட்டியலில் இல்லாத நோயைத் தொற்றுநோயாகக் கருத வேண்டும். மருத்துவக் குழு பார்க்கும்வரை வண்டி கொடுக்கக் கூடாது. குழு கூடுவது அடுத்த மாதம் நான்காம் தேதி!

“சார், அது வெறும் சளி சார்.”

“சளின்னு இதுல எழுதலையே.”

“அந்த டாக்டரையே கேளுங்களேன்.”

“கேக்கலாம். தபால்ல எழுதித்தான் கேக்கணும். பதில் வர பதினஞ்சு நாள் ஆகும்.”

மேலாளரின் ஜன்னலில் நின்றால் அந்த டாக்டரின் பெயர்ப்பலகை தெரியும். சாலையின் அகலம் நாற்பது அடி.

பத்து நாள் ஓய்வறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் நிதானம். கேன்டீன்காரர் அவருக்கு மட்டும் தனி டம்ளரில் டீ கொடுத்தார். வண்டி எடுக்கப் போகிறவர்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

“அண்ணே, கொரைசா எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குடா. உன்னைத்தான் விசாரிச்சுது. கிட்ட வா.”

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

முப்பதாம் தேதி காலை எனக்கே பொறுக்கவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக வேலை நேரத்தில் எழுந்து சாலையைக் கடந்தேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, ‘கொரைசா என்பது சாதாரணச் சளியே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போய்வர ஏழு நிமிடம்.

நிதானத்தையும் கூட்டிக்கொண்டு போய் நீட்டினேன். மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். முகம் கடுகடுத்தது.

“அப்போ சளிக்கா ரெண்டு நாள் லீவு போட்டீங்க? இதுக்கு மெமோ உண்டு. ஏழு நாளுக்குள்ள விளக்கம் கொடுக்கணும்.”

“தாராளமா கொடுங்க சார். நாளைக்கு நாலரை மணி பதினாலாம் நம்பர் வண்டியையும் சேர்த்துக் கொடுங்க” என்றார் நிதானம்.

இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் நாலரைக்கு வண்டி நிரம்பியிருந்தது. முன் இருக்கையில் அந்த அம்மா, முகத்தில் பாதியைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பும் நேரத்தில் ஒரு தும்மல், உடனே இன்னொன்று.

“என்ன அண்ணி, உடம்புக்கு என்ன?” என்றார் நடத்துநர்.

அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் நிதானம் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்:

“சளின்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசிடாதே. வண்டி வாசலைத் தாண்டட்டும்.”

தாண்டியது. அப்போது மட்டும் ஒரு முறை, நீளமாக, ஹாரன் அடித்தார்.