சக்கரவர்த்தியின் கன்னத்தில் ஓர் உளிவெட்டு

காலை 9.40. கரூரில் முந்தின நாள் மாலை ஏறிய ரயில், மூன்று மணி நேரம் தாமதமாகச் சிகந்தராபாத்தில் இறக்கிவிட்டது. பக்கவாட்டு மேல் படுக்கையில் படுத்து வந்ததில் முதுகு விட்டுப்போயிருந்தது. அக்கா வீடு இருக்கும் மெட்டுகுடா இரண்டு கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். பேரம் பேசத் தெம்பில்லை, ஏறிவிட்டேன்.

வரவழைத்தவர் அக்காவின் கணவர். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில், கூட வேலை பார்த்தவரின் கிராமத்துக்குக் கிணறு தூர்வாரப் போனபோது சேற்றில் ஒரு கலயம் கிடைத்திருக்கிறது. உள்ளே ஐந்து காசுகள். தங்கமா பித்தளையா என்று பார்க்க, அத்தான் ஒன்றின் மேல் உளியை வைத்து ஒரு போடு போட்டார். தங்கம்தான். மறுநாளே ஐந்தையும் தாசில்தாரிடம் ஒப்படைத்தார்கள். அவை ரோமாபுரிக் காசுகள், அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன என்று பிறகுதான் தெரிந்தது. தான் போட்ட வெட்டைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

இப்போது பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. முழுக்கப் போவதற்குள் அந்தக் காசைப் பார்த்து, செய்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். பக்கத்தில் நின்றால் தைரியமாம். "எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று அக்கா முணுமுணுத்தபடியே இட்லி வைத்தாள்.

பகல் 12.15. மெட்ரோவில் ஒரு மாற்றம், பிறகு ஆட்டோ. அருங்காட்சியகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், அத்தானுக்கு வம்பு. நுழைவுச் சீட்டு இருபது ரூபாய். காசுகள் இரண்டாம் மாடியில், லிஃப்ட் ஓடவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள், பல ஊர்களில் கிடைத்த ஏழு தங்கக் காசுகள். எடுப்பான மூக்கோடு ஒரு சக்கரவர்த்தி. ஏழிலும் அவர் கன்னத்தில் வெட்டு! காசைச் சோதிக்க அக்கால மக்கள் போட்ட வெட்டு என்று பக்கத்தில் எழுதியிருந்தது. எங்கள் ஊரில் அமராவதி ஆற்று மணலில்கூட ரோமாபுரிக் காசு கிடைப்பதுண்டு. வருஷா வருஷம் அதை வகுப்பில் சொல்கிறேன், இந்த வெட்டு எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

அத்தான் கண்ணாடியில் மூக்கு உரச ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவதில் நின்றார்.

"இதான். உளி முதல்ல வழுக்கிருச்சு. பக்கத்துல பாரு, சின்னதா ஒரு கீறல் இருக்கும்."

இருந்தது.

அங்கிருந்த இளம் அதிகாரியிடம் தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னார், கைகூப்பியபடி. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுச் சிரித்தாள். பெரியவரே, அது இரண்டாயிரம் வருஷத்து வெட்டு, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றாள். அதற்குள் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் வந்துவிட, அங்கே போய்விட்டாள். அந்தக் கீறலைக் காட்டி நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். கால் கடுத்தது, பசி வேறு. "வாங்க அத்தான், போலாம்" என்று இழுத்துவந்துவிட்டேன். இதை எழுதும்போதும் என்மேல் எனக்கு எரிச்சலாக வருகிறது. இதற்காகத்தானே என்னை வரச் சொன்னார்?

மறுநாள் மாலை அத்தான் ரயிலேற்ற வந்தார். வண்டி கிளம்பியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி நடந்தார்.

"தப்புப் பண்ணுனது நான். அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்குது அந்தப் பொண்ணு. நான் இனி யார்கிட்டப் போயி மன்னிப்புக் கேக்குறது?"