காற்றை வெட்டியவள்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் அந்தக் கந்தோர் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் ஊரில் இருக்கும் பெற்றவர்களும் கதைப்பதற்கென்று ஒரு கைபேசிச் செயலியை அங்கிருந்து நடத்தினார்கள். சுபத்திராவுக்கு அங்கே சத்தத்தின் பொறுப்பு. யாருக்காவது குரல் வெட்டி வெட்டிக் கேட்டால், கிணற்றுக்குள் இருந்து வருவதுபோலக் கேட்டால், முறைப்பாடு அவளுடைய மேசைக்குத்தான் வரும். முறைப்பாட்டோடு அனுப்பும் பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு, பிறத்தியார் வீட்டுச் சண்டையையும் கொஞ்சலையும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டுக் கேட்டு அவளுக்கு மனிதர்கள்மேல் இருந்த கொஞ்ச ஆசையும் போயிருந்தது.

கந்தோரில் அவளுக்கு ஒரு பட்டம் இருந்தது, காத்துவெட்டி என்று. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல் நடுவே போகும் தாம்போதியில் நின்று போன் கதைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். முன்பெல்லாம் மறுமுனையில் இருப்பவருக்குக் காற்றின் ஓலம்தான் கேட்கும். சுபத்திரா அதை வெட்டினாள். அவள் எழுதிக் கொடுத்த முறைப்படி செயலி குரலைச் சிறு சிறு துண்டாக நறுக்கிப் பார்க்கும். துண்டில் தொண்டை அதிர்கிற ஒலி இருந்தால் அது மனிதக் குரல், சுருக்கி அனுப்பிவிடும். இல்லாவிட்டால் அது வெறும் காற்று, எறிந்துவிடும். சிக்னல் குறைந்த ஊர்களில் டேட்டாவும் மிச்சம். எறிந்த இடம் செத்த லைன்போல இருக்கக் கூடாதென்று, கேட்பவரின் போனே ஒரு மெல்லிய உஸ் என்ற ஒலியை உண்டாக்கி இட்டு நிரப்பும். ஆரோ பக்கத்தில் இருந்துகொண்டு வாய் திறக்காமல் இருக்கிறார் என்றுதான் அதைக் கேட்பவருக்குத் தோன்றும்.

முகாமையாளர் ரொபின்சன் பேசாலைக்காரர். அந்த வேலையைப் பார்த்துவிட்டு, மன்னார்க் காற்றையே அடக்கின பெட்டை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அடக்க முடியாத ஒன்று அவளுடைய வீட்டில் இருந்தது. உயிலங்குளத்துக்கு உள்ளே, வயல் ஓரத்தில் அவளும் அம்மாவும்தான். அப்பா பாலசிங்கம் செத்துப் பல வருசம். தம்பி தனஞ்சயன் பிரான்சில். அவனுக்கு இன்னும் சரியான விசா கிடைக்கவில்லை. அங்கிருந்து வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. ஆகவே தாய்க்கும் மகனுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரும் அந்தப் போன் ஒன்றுதான்.

அம்மா சிவபாக்கியத்தை நல்லவள் என்று சொல்ல மனம் வராது. சுபத்திராவுக்கு வவுனியாவில் இருந்து யசோதரன் என்ற வாத்தியாரின் சம்பந்தம் வந்தபோது, "அப்ப நான் தனியக் கிடந்து சாகிறதோ?" என்று வந்தவர்களின் முன்னாலேயே கேட்டவள் அவள். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார்கள். அதே சிவபாக்கியம் மகனைக் கடல் கடந்து அனுப்பும்போது திருக்கேதீஸ்வரத்தில் அபிசேகம் செய்து, ஊருக்குச் சோறு போட்டு அனுப்பினாள். அப்போது தனியக் கிடப்பதைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் மகள் ஆக்கிய சோற்றைக் குழைத்துக்கொண்டே மகளைப் பற்றி மகனுக்குக் கோள் சொல்லுவாள். கறியில் உப்பில்லை, கேட்டால் மூஞ்சை நீட்டுறாள், வேலையில் இருந்து நேரத்துக்கு வாறதில்லை, என்னை ஒரு மனிசியாக மதிக்கிறாளில்லை. சுபத்திரா அதே அறையில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருப்பாள். தனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் அம்மா பலத்துக் கதைக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். கடைசியில் தம்பி அக்காவைக் கூப்பிட்டு, அம்மாவைக் கொஞ்சம் பாருங்கோ என்று புத்தி சொல்லுவான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் மடித்த உடுப்பை உதறி மறுபடி மடிப்பாள்.

பிறகு அம்மாவின் கழுத்தில் கட்டி வந்தது. அது குரல் நரம்பையும் சுற்றி வளர்ந்திருந்தது. வெட்டினால் குரல் போகும், விட்டால் ஆள் போகும் என்று டொக்டர் முன்னமே சொன்னார். வெட்டினார்கள். சிவபாக்கியத்துக்கு மிஞ்சியது மூச்சு மட்டும்தான். உதட்டையும் நாக்கையும் ஆட்டி அந்த மூச்சைச் சொல்லாக்குவாள். கிட்ட இருந்து வாயைப் பார்த்தால் எல்லாம் விளங்கும்.

ஒப்பரேசன் நடந்தது தம்பிக்குத் தெரியும், ஆனால் குரல் போனதை அவனுக்குச் சொல்லக் கூடாதென்று அவள் மகளிடம் சத்தியம் வாங்கினாள். அவன் அந்தரப்படுவான், சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றாள். கழுத்து வடுவை அவன் காணக் கூடாதென்று வீடியோவும் வேண்டாம் என்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு தனஞ்சயன் எடுத்தான். சிவபாக்கியம் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "தம்பி, நான் நல்லா இருக்கிறன்" என்று மூச்சால் சொன்னாள். மறுமுனையில் அவன் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஏன் கதைக்கிறீங்கள் இல்லை என்று கேட்டான். அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த சுபத்திராவுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. தொண்டை அதிராத குரல். அவளுடைய செயலி அம்மாவைக் காற்றென்று நினைத்து எறிந்துகொண்டிருக்கிறது. அம்மாவின் போனில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் போதும், தேத்தண்ணி ஆற முதல் முடிகிற வேலை.

அவள் கை மடித்த சட்டையின்மேல் அப்படியே நின்றது. பல வருசத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு, அவளைப் பற்றி ஒரு கோளும் கடல் தாண்டவில்லை. அறைக்குள் அப்படி ஒரு நிம்மதி. அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

அம்மா அவளைப் பார்த்து, நீதானே இதெல்லாம் படிச்சனி, என்னெண்டு பார் என்று சைகை காட்டினாள். சுபத்திரா சொன்னாள்: "போனில பிழையில்லை அம்மா. உங்கட சத்தம் காணாது. இன்னும் பலமாக் கதையுங்கோ."

தையல் ஆறாத கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிவபாக்கியம் பலமாகக் கதைத்தாள். முகம் கறுத்து, கண்ணில் தண்ணீர் வந்து, இருமி இருமிக் கட்டிலில் சாய்ந்தாள். இருமலில் ஒரு துணுக்குத்தான் பிரான்சுக்குப் போனது.

போனை எடுத்துக்கொண்டு சுபத்திரா முற்றத்துக்குப் போனாள். அம்மாவுக்கு என்ன என்று தம்பி கேட்டான். பொய் அவளுக்குத் தேடாமலே வந்தது.

"நீ ஒப்பரேசனுக்கு வரேல்ல எண்டு அவவுக்குக் கோவம்" என்றாள். "உன்னோட கதைக்க மாட்டாவாம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கூத்துத்தான். மகன் கெஞ்சுவான். விசா விசயம் உங்களுக்குத் தெரியும்தானே அம்மா, வேணுமெண்டோ வராமல் விட்டனான், ஒரு சொல்லு சொல்லுங்கோ என்பான். அவனுடைய காதில் அந்த மெல்லிய உஸ் ஒலி இருந்தது. தாய் பக்கத்தில்தான் இருக்கிறாள், கேட்டுக்கொண்டு வாயை மூடியிருக்கிறாள் என்றே அவன் நம்பினான். இந்த முனையில் தாய் வாயை மூடாமல் மூச்சு முட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோவமில்லையடா, என்ர ராசா, உன்னில எனக்கு என்ன கோவம் என்று சொன்னாள். இரண்டையும் கேட்ட ஒரே ஆள் சுபத்திரா. பாவம் என்று நினைப்பாள். இன்னும் ஒரு கிழமை கிடக்கட்டும் என்றும் நினைப்பாள். கையில் அகப்பட்ட அந்த நிம்மதியைக் கைவிட அவளுக்கு மனம் வரவில்லை.

இதற்கிடையில் கந்தோருக்கு ஒரு முறைப்பாடு வந்தது. கட்டாரில் வேலை செய்யும் கொண்டச்சி ஊர்க்காரர் றஊப் எழுதியிருந்தார். பிள்ளை பிறந்ததில் இருந்து மனைவி ஹமீதா தன்னோடு கதைக்கிறாளில்லை, கேட்டால் கதைத்தேன் என்று சாதிக்கிறாள், உங்கள் ஆப் பிழையா என் மனைவி பிழையா என்று கேட்டிருந்தார். ரொபின்சன் அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சுபத்திராவுக்குப் பதிவைக் கேட்காமலே காரணம் தெரிந்தது. பிள்ளை எழும்பிவிடும் என்று ஹமீதா குசுகுசுத்திருக்கிறாள். ஆனால் அதைத் திருத்தினால் எல்லாருடைய போனும் திருந்தும், அம்மாவின் போன் உட்பட. கொண்டச்சிப் பக்கம் சிக்னல் சரியில்லை என்று பதில் போட்டு முறைப்பாட்டை மூடிவைத்தாள். அங்கே கட்டாரில் ஒரு குடும்பம் குழம்பினால் குழம்பட்டும்.

கட்டி திரும்பவும் தலைகாட்டியது. இனி ஒன்றும் செய்யேலாது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். தம்பிக்கும் அது தெரியும். அந்த ஞாயிறு அவன் போனில் அழுதான். சிவபாக்கியம் அழவில்லை. உதட்டை ஈரமாக்கிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக மூச்சைக் கட்டிச் சொன்னாள்.

"தம்பி, உன்ர அக்கா என்னைக் குழந்தைப்பிள்ளை மாதிரிப் பாக்கிறாள். நான்தான் அவளுக்குத் துரோகம் செய்தனான். நீ அவளை விட்டிடாத."

சுபத்திரா குசினிக்குள் போய் ஏற்கனவே கழுவிய சட்டியை எடுத்து மறுபடி கழுவினாள். அவளைப் பற்றி அம்மா வாழ்நாளில் சொன்ன ஒரே நல்ல சொல் அது. அதையும் காற்றென்று அவளே எறிந்துவிட்டாள். அவளுக்குத் தன்னை அடிக்க வேண்டும்போல இருந்தது.

மறுநாள் கந்தோரில் றஊபின் முறைப்பாட்டைத் தூசி தட்டி எடுத்தாள். தொண்டை அதிராத பேச்சையும் எறியாமல் அனுப்பும்படி மாற்றினாள். ஒன்றையும் ஒப்புக்கொள்ளாமல், ஒருவருக்கும் தெரியாமல், புதுப் பதிப்பு தானாகவே அம்மாவின் போனுக்குப் போய்விடும் என்பதுதான் அவளுடைய கணக்கு. ஹமீதாவின் பதிவை வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தாள். இளம் பெண்ணின் குசுகுசுப்பு, உரமான மூச்சு, ஒவ்வொரு சொல்லும் மறுமுனையில் விளங்கியது. அம்மாவின் குரலை வைத்து அவள் ஒருமுறையும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டுமென்றால் அம்மாவைப் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்தால் அம்மா ஏன் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தாள்.

புதுப் பதிப்பு வெளியே போனது. றஊப் நன்றி சொல்லி எழுதினார். ரொபின்சன் கேக் வெட்டினார்.

ஞாயிறு வந்தது. சிவபாக்கியம் எலும்பும் தோலுமாய்த் தலையணையில் சாய்ந்திருந்தாள். மூச்சும் குறைந்துவிட்டது. போன் அடித்தது. சுபத்திரா ஸ்பீக்கரைப் போட்டு, அம்மாவின் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"தம்பி" என்று மூச்சு சொன்னது. "அழாதையடா. எனக்குக் கோவமில்லை."

மறுமுனையில் அழுகை நின்றது. இந்த முறை சத்தம் அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சுபத்திராவுக்குத் தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா" என்றான் தனஞ்சயன். "அங்க என்ன இரைச்சல்? ஃபான் ஓடுதோ? நிப்பாட்டுங்கோ. அம்மா மனமிரங்கி ஏதும் சொன்னாலும் இதுக்குள்ள எனக்குக் கேக்காது."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஒலி போய்ச் சேர்ந்ததுதான், சொல் போய்ச் சேரவில்லை. அந்த மெலிந்த மூச்சில் கொஞ்சநஞ்சம் இருந்த சொல்லைச் செயலி சுருக்கிச் சுருக்கி வெறும் இரைச்சலாக்கி அனுப்பியிருக்கிறது.

சிவபாக்கியம் மேலே பார்த்தாள். அந்த அறையில் ஃபான் இல்லை. ஓடுகளுக்குக் கீழே கைமரங்கள் மட்டும்தான். அவள் மகளைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள். பிறகு வாயை மூடினாள்.

"ஆ, இப்ப சரி" என்றான் மகன். "இப்ப சொல்லுங்கோ அம்மா, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அது அம்மாவின் குரலடா என்று ஒரு வசனம் சொன்னால் போதும். சொன்னால், அப்ப இவ்வளவு நாளும் என்று அவன் கேட்பான். கோவம் என்று சொன்னீங்களே என்று கேட்பான். ஸ்பீக்கரில் அம்மாவுக்கும் அது கேட்கும். சுபத்திராவின் தொண்டை அதிரத் தயாராக நின்றது. அவளுடைய தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

"ஓம் தம்பி" என்றாள். "ஃபானை நிப்பாட்டிட்டன்."

சிவபாக்கியம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கையை நீட்டிப் போனைத் தன் முகத்தில் இருந்து அப்பால் தள்ளினாள்.

அடுத்த ஞாயிறு போன் அடித்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துச் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுபத்திரா காலடியில் உட்கார்ந்து, கதையுங்கோ அம்மா, கதையுங்கோ என்று கெஞ்சினாள். அவள் திரும்பவில்லை. போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. சுபத்திரா எடுத்தாள்.

"அம்மாவுக்கு இன்னும் கோவமே அக்கா?" என்று தனஞ்சயன் கேட்டான்.

"ஓம்" என்றாள் சுபத்திரா. இந்த முறை அவள் பொய் சொல்லவில்லை.