லாடம் அடித்த செருப்பு

வாசலில் தோல் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். எனக்கு நேர்ந்த கதை இல்லை அது. ஆனாலும் வந்து ஒட்டிக்கொண்டது, போக மாட்டேன் என்கிறது.

எழுபதுகளில் மதுரையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் ஹெட்கிளார்க் ஒரு நாடகப் பைத்தியம். ஆண்டு விழாவுக்கென்று சிரிப்பு நாடகம் ஒன்று எழுதினார். அதை ஸ்டென்சிலில் அடித்துப் படிகள் எடுத்து எல்லாருக்கும் படிக்கக் கொடுத்தது நான். கதை சின்னதுதான். கோபக்காரப் புருஷன் வேலை முடிந்து வருகிறான். தெருவில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதுமே மனைவி ரேடியோவை அணைக்கிறாள், பிள்ளையின் வாயைப் பொத்துகிறாள், கையில் இருக்கும் குண்டானை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றுகிறாள், கடைசியில் கதவுக்குப் பின்னால் ஒளிகிறாள்.

ஆண்கள் படித்துவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். "அண்ணே, எங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாத்து எழுதுனீகளா?" என்றார் ஒருவர். அதற்கும் சிரிப்பு. நாங்கள் மூன்று பெண்கள் இருந்தோம். எங்களுக்கும் அதே தாள்தான், அதே எழுத்துதான். அந்தக் காட்சியை அடிக்கும்போதே இரண்டு இடத்தில் எழுத்துப் பிசகி, மறுபடி அடித்தேன். "எப்புடிம்மா இருக்கு?" என்று ஹெட்கிளார்க் கேட்டபோது, "நல்லாருக்கு சார்" என்று மூவரும் ஒரே ராகம் பாடினோம். சிரிப்பு வரவில்லை என்றால் பொம்பளைகளுக்கு என்ன தெரியும் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

விழாவுக்கு அலுவலகத்தின் பின்னால் இருந்த மைதானத்தில் மேடை போட்டார்கள். நடுவில் கயிறு கட்டி ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். மேடையோரம் மறைவாக நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அங்கிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் நன்றாகத் தெரியும். புருஷன் வரும் சத்தத்தை ஹெட்கிளார்க்கே திரைக்குப் பின்னால் கொடுத்தார். அடியில் இரும்பு லாடம் அடித்த செருப்பு அவருடையது. பலகை மேல் நிதானமாக நடந்தார். டக். டக். டக்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. இந்தப் பக்கம், முன்வரிசையில் இருந்த ஹெட்கிளார்க்கின் மனைவி எழுந்து நின்றார்.

கோபித்துக்கொண்டு எழவில்லை. மடியிலிருந்த கைப்பை விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவைத் திறக்கப் போகிறவர் மாதிரி ஓர் எட்டு எடுத்தும் வைத்துவிட்டார். பக்கத்திலிருந்த அம்மாள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பெண்கள் எல்லாரும் மேடையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கம் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்கள். எலியின் திண்டாட்டத்துக்குக் கைதட்டல் விழுந்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அடுத்த வசனம் கண்ணில் படவே இல்லை.

முடிந்ததும் ஹெட்கிளார்க்குக்கு மாலை போட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "லேடீஸ் பக்கந்தான் கொஞ்சம் டல்லு. அவுகளுக்கு ஜோக்கு புரிய நாளாகும்" என்றார். மறுபடியும் சிரிப்பு. அடுத்த மாதம் சமயநல்லூரில் இதே நாடகம் என்றும் சொன்னார்.

அவர் மனைவி தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே அவரிடம் போனேன்.

"அக்கா, சமயநல்லூருக்கு நீங்க வராதீக. இல்லாட்டி சார்ட்ட நான் பேசுறேன். அந்தச் செருப்பையாச்சும் மாத்தச் சொல்றேன்."

அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"ஐயையோ, அத மட்டும் சொல்லிராத தாயி. போன வருசம் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டாரு. வாரதே தெரியல."

சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கெணத்துல தூக்கிப் போட்டுட்டு, நாயி கவ்விட்டுப் போயிருச்சுன்னு சொன்னேன். இந்தச் செருப்புக்கு லாடம் அடிச்சுக் கொண்டாந்ததே நாந்தான்."